கடிவாளம் இல்லாத இடத்தில் குதிரையைப் படிப்பது எப்படி?

சேணமோ கடிவாளமோ இல்லாமல் ஒரு குதிரை களத்தைச் சுற்றி ஓடுகிறது. நடுவில் நிற்பவர் தோளைச் சற்றே திருப்பியதும் ஓட்டத்தை விட்டு அவரிடம் வந்து நிற்கிறது. இதை லிபர்ட்டி என்கிறார்கள். சாகசச் சவாரி வேறு வகை: பாய்ந்தோடும் குதிரையின்மேல் எழுந்து நிற்பார்கள், பக்கவாட்டில் தொங்குவார்கள், தலைகீழாகச் சரிந்து மண்ணைத் தொடுவார்கள். பார்வைக்கு இரண்டும் தனித்தனி வித்தைகள். ஆனால் குதிரையை அடக்க வழக்கமாகக் கையில் பிடிக்கும் வார் இரண்டிலுமே இல்லை. லிபர்ட்டியில் வாரே கிடையாது. சாகசச் சவாரியில் வார் குதிரையின் கழுத்தில் கிடக்கும், சவாரிக்காரரின் கை வேறு எதையோ பற்றியிருக்கும். 400, 500 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை அதன் உடம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதியவர்களுக்கு வழக்கமாக ஒரு பட்டியல் கொடுப்பார்கள். காது முன்னால் இருந்தால் மகிழ்ச்சி, பின்னால் போனால் கோபம், வாலை வீசினால் எரிச்சல். இதை மனப்பாடம் செய்துகொண்டு களத்தில் இறங்குபவர்தான் முதலில் மிதிபடுவார். காது எங்கே இருக்கிறது என்று பார்ப்பது பாதி வேலை. அது எப்போது அங்கே போனது, அதற்கு அரை நொடி முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் கிடைக்கும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்தப் பழக்கத்தை உண்டாக்குவதற்குத்தான்.

முதல் படி: வேலிக்கு வெளியே நில்லுங்கள்

எந்தக் குதிரையோடு பழகப்போகிறீர்களோ அதை லாயத்திலும் மேய்ச்சலிலும் சில நாட்கள் சும்மா பாருங்கள். தலையை எந்த உயரத்தில் வைத்திருக்கிறது, எவ்வளவு அடிக்கடி கண் சிமிட்டுகிறது, எந்தப் பின்காலை மடித்து ஓய்வு கொடுக்கிறது, தீனி வரும்போது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 16 முறை மூச்சு விடும். விலா ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணிவிடலாம். அந்தக் குதிரையின் இயல்பு தெரிந்திருந்தால்தான் இயல்பு மாறும்போது கண்ணில் படும்.

இனத்துக்கு இனம் இயல்பு மாறும். அரேபியக் குதிரை வாலை இயல்பாகவே தூக்கிப் பிடிக்கும், அதைப் பதற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. அப்பலூசா இனத்தில் கருவிழியைச் சுற்றிய வெள்ளை எப்போதும் தெரியும். மற்றக் குதிரைகளில் அதே வெள்ளை திடீரென்று தெரிந்தால் பெரும்பாலும் அச்சம்தான். நம் நாட்டு மார்வாரி, கத்தியவாரி குதிரைகளின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துக் கற்றவர்கள் இங்கே குழம்புவார்கள். இந்த இனங்களில் நுனியை விட்டுவிட்டு, காது தலையோடு சேரும் அடிப்பகுதி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு பின்காலை மடித்து நிற்பது சாதாரண ஓய்வு. முன்காலில் ஒன்றை முன்னே நீட்டி, எடை வைக்காமல் நின்றால் அப்படி விட்டுவிடக் கூடாது. அந்தக் காலில் வலி இருக்கலாம். அன்றைக்கு வித்தை எதுவும் வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் படி: பெரியதிலிருந்து சிறியதற்கு

எல்லோருடைய கண்ணும் நேராகக் குதிரையின் முகத்துக்குத்தான் போகும். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் உடம்பு முழுவதையும் பாருங்கள்: எடை முன்னால் சாய்ந்திருக்கிறதா, பின்கால்களில் தேங்கி நிற்கிறதா? அடுத்து கழுத்து. அது தளர்ந்து நீண்டிருக்கிறதா, விறைத்து மேலே போயிருக்கிறதா? பிறகு முதுகும் வாலும். முகத்தைக் கடைசியில் பாருங்கள். ஓட்டத்தில் இருக்கும் குதிரையிடம் பெரிய மாற்றங்கள்தாம் தூரத்திலிருந்து தெரியும். நம் உடம்பை ஆபத்துக்கு வெளியே எடுக்க நேரம் கொடுப்பவையும் அவைதாம்.

காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பக்கூடியவை. லிபர்ட்டியில் குதிரை உங்களைச் சுற்றி ஓடும்போது உள்பக்கக் காது உங்கள் பக்கமும் வெளிப்பக்கக் காது போகும் திசையிலும் இருந்தால் நல்ல நிலை. காது பின்னால் திரும்புவதும் பின்னால் படிவதும் வேறு வேறு. திரும்பிய காதின் குழிவு தெரியும். அது பின்னால் ஏதோ ஒன்றைக் கேட்கிறது, அல்லது தன் வேலையில் முனைந்திருக்கிறது. படிந்த காது கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், குழிவு மறைந்துவிடும். கூடவே மூக்குத்துளை சுருங்கி மேலே மடிப்பு விழுந்து, கழுத்து பாம்புபோல் தாழ்ந்து நீண்டால் அது மிரட்டல். பல குதிரைகள் ஒன்றாக ஓடும்போது மூக்கு யாரை நோக்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்துக் குதிரைக்கான எச்சரிக்கையை உங்களுக்கானது என்று எடுத்துக்கொண்டு நீங்கள் பதறினால் அதற்குப் பிறகு எல்லாமே கெட்டுவிடும்.

கண்ணில் விழியைவிட மேலிமைக்கு மேலே உள்ள தசைதான் அதிகம் பேசும். அது முக்கோணமாக மடிந்து ஏறினால் இறுக்கம். வாயில் மோவாயைக் கவனியுங்கள். தளர்ந்த குதிரையின் மோவாய் மெத்தென்று தொங்கும், இறுகிய குதிரையிடம் அது கெட்டியான உருண்டையாகிவிடும். இதெல்லாம் குதிரைக்காரர்களின் கைப்பழக்கம் மட்டுமல்ல. 2015இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரை முகத்தின் அசைவுகளை 17 தனித்தனி அலகுகளாகப் பிரித்துப் பட்டியலிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குதிரைகளைப் பார்த்து வலியை அளக்க 6 முகக்குறிகள் கொண்ட ஓர் அளவுகோல் வெளியானது. விறைத்துப் பின்போன காது, சுருங்கிய இமை, கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் மோவாயும், விரிந்து விறைத்த மூக்குத்துளை ஆகியவைதாம் அந்த ஆறு. புதியவர் இந்த ஆறையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் நல்லது.

பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பயிற்சியின் நடுவே குதிரை உதட்டை நக்கி வெறுமனே மென்றால் 'புரிந்துகொண்டது', 'அடங்கிவிட்டது' என்று பல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். என் பார்வையில் அது அளவுக்கு மீறிய தீர்ப்பு. மனிதர் யாரும் பக்கத்தில் இல்லாத குதிரைகளும் பதற்றத்திலிருந்து தளர்வுக்கு மாறும் இடைவெளியில் இப்படி மெல்வதுண்டு. எனவே குதிரை மென்றால், சற்று முன்புவரை அது பதற்றத்தில் இருந்திருக்கிறது என்பதுதான் உங்களுக்கான செய்தி. அந்தப் பதற்றத்தை உண்டாக்கியவர் யார் என்று யோசியுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் உடம்பை ஒழுங்குபடுத்துங்கள்

நீங்கள் குதிரையைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே அது உங்களைப் படித்து முடித்திருக்கும். இதற்குப் பழைய சான்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கணக்குப் போட்டுப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை. விடை எவ்வளவோ அத்தனை முறை குளம்பைத் தட்டி நிறுத்தும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாகச் சோதித்து உண்மையைக் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை, அவரே அறியாமல், மயிரிழை அளவுக்கு உயர்ந்தது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் நிறுத்தியது. கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை.

ஆகவே களத்தின் நடுவில் நிற்கும் உங்கள் தோள், வயிறு, பாதம், மூச்சு எல்லாமே கட்டளைகள்தாம். குதிரையின் தோளுக்குப் பின்னால் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் உங்கள் உடம்பு நகர்ந்தால் குதிரை முன்னே போகும், முன்னால் நகர்ந்தால் வேகம் குறைக்கும், திரும்பும், அல்லது நிற்கும். சாட்டை உங்கள் கையின் நீட்சி. அதன் நுனி தரையைப் பார்த்தால் பேச்சு தாழ்ந்திருக்கிறது, இடுப்புக்கு மேல் போனால் குரல் உயர்ந்திருக்கிறது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை சுற்றளவை அது பார்த்துவிடும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் அதற்குக் குருடு. இந்த இரண்டு இடங்களிலும் திடீரென்று தோன்றாதீர்கள்.

நான்காம் படி: ஓர் அழைப்பைக் கூர்ந்து பாருங்கள்

லிபர்ட்டியில் முதலில் கற்பிப்பது 'உள்ளே வா' என்ற அழைப்பு. இதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். குதிரை உங்களைச் சுற்றி டிராட்டில், அதாவது நடையைவிட வேகமான சிறு ஓட்டத்தில், போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் மூச்சை விட்டு, சாட்டை நுனியைத் தாழ்த்தி, ஓரடி பின்வைத்துத் தோளைச் சாய்க்கிறீர்கள். விருப்பமுள்ள குதிரையிடம் முதலில் உள்பக்கக் காது உங்கள் மேல் நிலைக்கும். பின்பு கழுத்தின் அடிப்பகுதி தளர்ந்து தலை ஒரு கைப்பிடி அளவு இறங்கும். அடுத்த இரண்டு மூன்று அடிகளில் காலடி குறுகும், மூக்கு உள்பக்கம் வளையும், அதுவரை ஒற்றைக் கண்ணால் பார்த்தது இரண்டு கண்களாலும் பார்க்கும். பின்கால்கள் ஒதுங்கி உடம்பு திரும்பும். நடந்து வந்து, உங்களுக்கு ஓரிரு மீட்டர் முன்னால் நிற்கும். இந்த வரிசையில் தலை இறங்குவதற்கு முன்பே மூக்கு வளைந்தாலோ, நெருங்க நெருங்க வேகம் கூடினாலோ அது உங்களைத் தள்ளிக்கொண்டு போக வருகிறது. தயங்காமல் சாட்டையின் நுனியை அதன் தோளுக்கு நேராக நீட்டி, பக்கவாட்டில் விலகுங்கள்.

விருப்பமில்லாத குதிரையும் இதே அழைப்புக்குப் பதில் சொல்லும். காது வெளிப்பக்கம் போகும், மூக்கு வேலியைப் பார்க்கும், விலா உங்கள் பக்கம் புடைக்கும், வால் ஒருமுறை வீசும், ஓட்டம் கூடும். கடைசியில் அது போய்விடும். லிபர்ட்டியில் குதிரையிடமிருந்து கிடைக்கும் மிக நேர்மையான பதில் இதுதான், போக விடுங்கள். துரத்தாதீர்கள். வட்டக் கூண்டுக்குள் மூச்சு வாங்கும்வரை ஓடவைத்து, வேறு வழியில்லாமல் நடுவில் வந்து நிற்கும் குதிரையைக் காட்டி 'என்னிடம் சேர்ந்துவிட்டது' என்று பெருமை பேசும் காட்சிகள் நிறைய. களைப்புக்கும் சம்மதத்துக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு குறைவு. மூச்சை எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

2003இல் கனடாவின் கியூபெக்கில் தொடங்கிய கவாலியா போன்ற பெரிய மேடை நிகழ்ச்சிகளில் பல குதிரைகள் ஒரே நேரத்தில் கயிறில்லாமல் ஆடுகின்றன. நடுவில் ஒன்று பிரிந்து ஓடினால் தேர்ந்த கலைஞர் அதையே விளையாட்டாக்கி, திரும்பி வர நேரம் கொடுப்பார். கூட்டம் கைதட்டுவது அந்த இடத்தில்தான். கற்றுக்கொள்ள வருபவர் பார்க்க வேண்டியதும் அந்த இடமே.

கற்பித்த அசைவுகள் ஏமாற்றும்

முன்கால்களைத் தூக்கி நிற்பது, குனிந்து வணங்குவது, மேலுதட்டைச் சுருட்டிச் 'சிரிப்பது' எல்லாம் குதிரையின் இயல்பான அசைவுகளை எடுத்துக் கட்டளையோடு பிணைத்தவை. அதனால் அசைவை மட்டும் பார்த்துக் குதிரையின் மனநிலையைச் சொல்ல முடியாது, அதோடு சேர்ந்து வருபவற்றைப் பார்க்க வேண்டும். கட்டளைக்கு எழும் குதிரை பின்கால்களில் எடையைத் திரட்டி, காதை உங்கள்பால் வைத்து, ஒழுங்காக இறங்கும். மறுப்பதற்காக எழுவது முதலில் பின்வாங்கும், தலையை வெட்டி உதறும், இறங்கும்போது உங்கள் பக்கம் சரியும். நடனம்போல் முன்காலை நீட்டி நடக்கும் ஸ்பானிய நடையில் ஒவ்வோர் அடிக்கும் வால் வீசினால், கால் அழகாக உயர்ந்தாலும் அந்தக் குதிரைக்கு அது பிடிக்கவில்லை. தரையில் படுக்கக் கற்ற குதிரை படுத்தபடியே மெதுவாக மூச்சு விட்டுக் கண் சிமிட்டினால் நம்பிக்கை. மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்துக் கிடந்தால் அடக்குமுறை.

ஐந்தாம் படி: முகம் தெரியாத சவாரி

காகசஸ் மலைநாட்டவரும் கோசாக் குதிரைவீரர்களும் வளர்த்த ஜிகிதோவ்கா என்ற சாகசச் சவாரியிலிருந்து இன்றைய மேடைச் சாகசங்கள்வரை, இந்தக் கலையில் குதிரையின் முகம் சவாரிக்காரருக்கு அதிகம் தெரியாது. பக்கவாட்டில் தலைகீழாகத் தொங்கும்போது கண்ணெதிரே பின்கால் குளம்புகள்தாம். எனவே இங்கே படிப்பது கண்ணால் குறைவு, தொடையாலும் உள்ளங்காலாலும் அதிகம்.

குதிரையில் ஏறுவதற்கு முன்பே பாதி படித்துவிடலாம். சாகசச் சேணத்துக்கு உயர்ந்த கொம்பும் கைப்பிடிகளும் கால்வார்களும் உண்டு. ஒரு பக்கமாக முழு எடையும் இழுபடுவதால் வயிற்றுவார் கூடுதல் இறுக்கமாக இருக்கும். வாரை இறுக்கும்போது குதிரை காதைப் பின்னால் படியவைத்து, திரும்பிக் கடிக்கப் பார்த்து, வாலை வீசினால் 'இது எப்போதும் இப்படித்தான்' என்று தட்டிக்கழிக்காதீர்கள். வயிற்றுப் புண், பொருந்தாத சேணம், முதுகுவலி என்று காரணங்கள் பல. பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சூ டைசன் குழுவினர், சவாரியின்போது காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்து, 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, தசை சார்ந்த வலி இருக்க வாய்ப்பு மிகுதி என்றார்கள். 5 நொடிக்கு மேல் பின்போன காதும், திரும்பத் திரும்ப வீசும் வாலும், 10 நொடிக்கு மேல் திறந்திருக்கும் வாயும் அதில் சில. அது சாதாரணச் சவாரிக்காகச் செய்த பட்டியல். ஆனாலும் சாகசக் குதிரைக்கு அதைப் புறக்கணிக்க எந்தக் காரணமும் இல்லை.

ஏறிய பின் தாளத்தைக் கேளுங்கள். டிராட்டுக்கும் முழுப் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டமான கேன்டர் மூன்று தட்டு, முழுப் பாய்ச்சல் நான்கு தட்டு. மூன்று தட்டு ஓட்டத்தில் திடீரென்று அடி உருண்டு புரள்வதுபோல் இருந்தால், முன்கால்கள் ஒரு பக்கமும் பின்கால்கள் மறுபக்கமும் முந்துகின்றன. அந்த நிலையில் எழுந்து நிற்கக் கூடாது. முதுகு உங்களுக்குக் கீழே வளைந்து உயர்ந்து, கழுத்து முன்னால் தாழ்ந்து மறைந்தால் அடுத்தது உங்களை உதறித் தள்ளும் துள்ளல். உடனே உட்கார்ந்துவிடுங்கள். அடி குறுகிக்கொண்டே வந்தால் நிற்கப்போகிறது. ஒரு தோள் மட்டும் இறங்கினால் அந்தப் பக்கம் விலகப்போகிறது. சேணத்தில் நிமிர்ந்து நிற்கும் வித்தைகளில் மட்டும் காதுகள் தெரியும். இரண்டு காதும் வேறு ஏதோ ஒன்றின்மேல் குத்திட்டு நின்றால் உங்களை மறந்துவிட்டது என்று பொருள்.

உங்கள் அசைவு குதிரைக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் வலப்பக்கம் தொங்கினால் இடக்கண்ணிலிருந்து மறைந்து வலக்கண்ணில் முளைக்கிறீர்கள். ஆகவே ஒவ்வொரு வித்தையையும் இரு பக்கமும் தனித்தனியாக, நிற்கும் குதிரையில் முதலில், பிறகு நடையில், அதன் பிறகே கேன்டரில் பழக்குவார்கள். டிராட்டில் குலுக்கல் அதிகம் என்பதால் பலர் அதைத் தாண்டிவிடுவார்கள். வட்டத்தில் பழகுவதும் உதவும். 1768இல் லண்டனில் ஃபிலிப் ஆஸ்ட்லி குதிரை வித்தை காட்டியதிலிருந்து நிலைபெற்ற சர்க்கஸ் வளையத்தின் குறுக்களவு 42 அடி, அதாவது சுமார் 13 மீட்டர். அந்த அளவு வட்டத்தில் சீரான கேன்டரில் ஓடும் குதிரையின்மேல், சற்று உள்சாய்ந்து நிற்பவரின் சமநிலைக்கு ஓட்டமே துணை செய்கிறது. ஓட்டம் சீர்கெட்டால் அந்தத் துணை போய்விடும்.

தரையில் ஒருவர் கட்டாயம் வேண்டும். உங்களுக்குத் தெரியாத முகத்தை அவர் பார்ப்பார். 'நிறுத்து' என்ற ஒரே சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னால் காரணம் கேட்காமல் நீங்கள் சேணத்துக்குத் திரும்ப வேண்டும், பேச்செல்லாம் பிறகு. சாகசம் பழகுபவர்கள் வெட்கப்பட்டு இந்த ஒழுங்கை விட்டுவிடுவதைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன்.

ஒளியும் கூட்டமும்

பயிற்சிக் களத்தில் சொன்னபடி கேட்ட குதிரை மேடையில் மாறிவிடும். இருளுக்கும் வெளிச்சத்துக்கும் அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். இருட்டு வழியிலிருந்து நேராக விளக்கொளிக்குள் தள்ளாதீர்கள். நாம் கேட்காத உயர்ந்த ஒலிகளையும் அது கேட்கும், எனவே ஒலிபெருக்கியின் கீச்சொலி உங்களுக்குக் கேட்கவில்லை என்பதற்காக அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நுழைவாயிலில் வால் கால்களுக்கு இடையே ஒடுங்கி, பின்புறம் உங்கள் பக்கம் திரும்பினால் அன்றைய நிகழ்ச்சியிலிருந்து கடினமான வித்தைகளை எடுத்துவிடுங்கள்.

கண்ணைப் பழக்குவது

பயிற்சியைக் கைபேசியில் படம் பிடித்து, ஒலியை நிறுத்தி, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். முதல் முறை மனிதரையே பார்க்காதீர்கள், இரண்டாம் முறை குதிரையையே பார்க்காதீர்கள், மூன்றாம் முறை இரண்டையும் சேருங்கள். நோட்டில் எழுதும்போது 'கோபப்பட்டது' என்று எழுதாமல் 'இடக்காது பின்னால் படிந்தது, நான் சாட்டையை மாற்றிப் பிடித்த பிறகு' என்று எழுதுங்கள். உணர்ச்சியின் பெயரை எழுதிவிட்டால் பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வாய்ப்பிருந்தால் ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குப் போய் வாருங்கள். மார்வாரி, கத்தியவாரி குதிரைகளும், மேளத்துக்கு ஆடப் பழக்கியவையும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆடும் குதிரையின் காலைப் பார்க்கக் கூட்டம் இருக்கும். நீங்கள் வாயையும் வாலையும் மட்டும் பாருங்கள். இழுத்துப் பிடித்த கடிவாளம் தலையின் பேச்சை எப்படி அடைத்துவிடுகிறது, மிச்சம் பேச்சு எப்படி வால் வழியாக வெளியே வருகிறது என்பது அரைமணி நேரத்தில் பிடிபடும்.

முதன்முதலாகக் களத்துக்குள் நீங்களே போகும் நாளில் தலைக்கவசமும் கணுக்காலை மூடிய காலணியும் அணியுங்கள், வேலியில் இன்னொருவரை நிறுத்துங்கள். ஒரு சுற்று கேளுங்கள், ஓர் அழைப்பு கேளுங்கள். குதிரை வந்தால் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் சொறிந்துகொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வராவிட்டாலும் சாட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, படத்தை ஓட்டிப் பார்த்து, அழைப்பதற்கு முந்தைய நொடியில் உங்கள் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று தேடுங்கள்.